ரெஹானாவின் புரோகிராம் ஓடிய சனிக்கிழமை

ஈரத் துணிமேல் இஸ்திரிப் பெட்டியை வைத்ததும் குப்பென்று ஆவி எழும். கரியும் கஞ்சியும் கலந்த வாசனை... பாண்டி பஜார் பின்தெருவில் இருந்த என் தையல் கடையை நினைத்தால் முதலில் அதுதான் வருகிறது.

இந்த வயதில் இப்போதுதான் எழுதப் படிக்கக் கற்றிருக்கிறேன். ஒரு வரி முடிப்பதற்குள் கரண்ட் போய் வந்துவிடுகிறது. ஆனாலும் இதை நானே எழுத வேண்டும் என்று ஆசை, நண்பர்களே.

கடைக்கு மேல்மாடியில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் ஆபீஸ். டிப்ளமோ முடித்த என் மகள் ரெஹானா அங்கே வேலை கேட்டாள்.

"ஒரு வாரம் பாப்போம்மா. சின்னச் சின்ன டெஸ்ட் புரோகிராம் தரேன். நீயே எழுதி, எரர் வந்தா நீயே சரிபண்ணி, சனிக்கிழமை சாயந்திரம் ஓட்டிக் காட்டு" என்றார் முதலாளி.

வீட்டில் என் மனைவி ஜுபைதா வேறு கணக்குப் போட்டிருந்தாள். ஆம்பூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. பெண் வேலைக்குப் போகக் கூடாது என்கிற இடம். "இது கெடைக்கலன்னா அவங்களுக்கு சரின்னு சொல்லிடுவேன்" என்றாள். ரெஹானாவும் ரோஷத்தில் "சொல்லிக்கோ" என்றுவிட்டாள்.



முதல் நாளே மதியம் முகம் தொங்கிப்போய் இறங்கி வந்தாள். எங்கள் கடையில் பட்டனுக்குக் காஜா எடுக்கும் ஏழுமலை விடுவானா?

"இன்னா பாய், பொண்ணு மூஞ்சி இப்டி கீது?"

"ஸ்க்ரீன் பூரா எரர் அண்ணே. கம்பைலே ஆக மாட்டேங்குது, எழுதினத மெஷின் ஏத்துக்கவே இல்ல."

மறுநாள் சிரித்துக்கொண்டு வந்தாள். புரோகிராமின் தொடக்கத்திலேயே ஒரு அடைப்புக்குறியை மூடாமல் விட்டிருக்கிறாள். அதை மூடியதும் மொத்த எரரும் போய்விட்டதாம். "மொதல்ல இருந்த ஒண்ணுதான் அத்தா நெஜம். மீதியெல்லாம் அது பண்ண கலாட்டா."

அடுத்து லிங்கர் எரர். அதை எனக்குப் புரியவைக்க என் பாஷையிலேயே சொன்னாள். "ஒடம்புத் துணி சரியா வெட்டியாச்சு அத்தா. கை வைக்கணும்னு எழுதியும் இருக்கு. ஆனா கைத்துணி எங்கன்னு மெஷின் கேக்குது."

"எங்கம்மா?"

"வேற ஃபைல்ல இருக்கு. சேத்துக் குடுக்காம விட்டுட்டேன்."

"பரவால்ல பாப்பா" என்றான் ஏழுமலை. "உங்கத்தாவே போன வாரம் கையில்லாமதான் ஜாக்கெட் குட்தாரு."

"டேய், அது ஸ்லீவ்லெஸ்டா!"

சனிக்கிழமை வந்தது. கம்பைல் ஆகிறது, லிங்க் ஆகிறது. ஓட விட்டால் பாதியில் செத்துப்போகிறது. ஏழுமலை இதற்குள் தேறிவிட்டான். "ஜாக்கெட்ட போட்டுக்கினு கைய தூக்குனா டர்ருனு கிழிதா?" "அதேதான் அண்ணே" என்றாள்.

பிரிண்ட் எடுத்த தாளை வெட்டுப் பலகையில் விரித்தாள். எனக்கு அப்போது 'அ'கூடத் தெரியாது.

"நான் வரிவரியா சொல்றேன். நீங்க சும்மா கேளுங்க அத்தா."

"எனக்கு என்னம்மா தெரியும்?"

"தெரியாததுனாலதான். தெரிஞ்சவங்ககிட்ட சொன்னா பாதிய முழுங்கிட்டுப் போயிடுவேன்."

சொல்ல ஆரம்பித்தாள். "இதுல அஞ்சு பேரோட பேரு இருக்கு. மெஷின் ஒண்ணுலேர்ந்து எண்ணாது, பூஜ்யத்துலேர்ந்து எண்ணும்."

"ம்."

"மொதப் பேர எடுக்கும், ஸ்க்ரீன்ல போடும். அப்புறம் அடுத்தது."

"ம்."

"இப்டியே போய், கடைசியா அஞ்சாம் நம்பர்ல இருக்கற..."

நின்றுவிட்டாள். விரல் தாளிலேயே இருந்தது.

"பூஜ்யத்துலேர்ந்து எண்ணினா கடைசி ஆளு நாலாம் நம்பர்! அஞ்சாம் நம்பர்ல யாருமே இல்லியே அத்தா! இல்லாத ஆளப் போய் கூப்ட்டுக்கினு இருக்கேன்!"

ஒரு கால் செருப்பை விட்டுவிட்டு மாடிக்கு ஓடினாள்.

அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. வலது கையை இடது பக்கம் வைத்துத் தைத்தேன், பிரித்தேன், மறுபடியும் அங்கேயே வைத்தேன். "பாய், மூணாவதா ஒரு கை வச்சிடாதே" என்றான் ஏழுமலை. அவனும் ஊசியில் நூல் கோக்காமல் மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

காலடிச் சத்தம் மெதுவாக இறங்கியது. மெதுவாகவா... போச்சு என்று நினைத்தேன்.

"ஓடிடுச்சு அத்தா" என்றாள். "திங்கக்கிழமைலேர்ந்து வரச் சொல்லிட்டாரு."

அப்படியே தையல் மெஷின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டேன். என்னவொரு நிம்மதி! அல்ஹம்துலில்லாஹ் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

இரவு சாப்பாட்டின்போது, வேலை கிடைத்துவிட்டதை ஜுபைதாவிடம் பயந்துபயந்து சொன்னேன். தட்டில் சோற்றைப் போட்டபடியே சொன்னாள்: "ஆம்பூருக்குக் காலையிலயே ஃபோன் பண்ணி வேணாம்னு சொல்லிட்டேன்."

"ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியா?"

"ஒரு வாரமா அவ சோத்துல கைய வச்சுக்கினு எதையோ எண்ணிட்டு இருக்கறதப் பாத்துக்கினுதானே இருக்கேன். இந்தப் பொண்ண எந்த வீட்டுல கொண்டுபோய் சும்மா உக்கார வைக்கறது?"

இப்போது ரெஹானாவுக்குத் தரமணியில் பெரிய ஆபீஸ். மாப்பிள்ளை, பேரப்பிள்ளைகள், நாங்கள் எல்லோரும் மயிலாப்பூரில் ஒரே வீட்டில்தான். பாதி நாள் உள்ளறையில் உட்கார்ந்தே வேலை பார்க்கிறாள். தப்பு எங்கே என்று மெஷினே காட்டிவிடுகிறதாம். தாள் இல்லை, விரித்து வைக்க வெட்டுப் பலகை இல்லை, எதிரே உட்கார்ந்து கேட்க ஆளும் தேவையில்லை. கதவு மூடியே இருக்கிறது. உள்ளே என்ன நடக்கிறதென்று எங்களுக்குத் தெரிவதில்லை.

ஆனால் வெளியே வரும்போது கண்டுபிடித்துவிடுவேன். ஓடவில்லை என்றால் யாரையும் பார்க்காமல் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போவாள்.

காலையிலிருந்து இரண்டு முறை அப்படித்தான் போனாள். நானும் எழுதுகிற சாக்கில் கூடத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்...

இதோ, கதவு திறக்கிறது.

"அத்தா, டீ போடட்டுமா? பஜ்ஜியும் போடட்டுமா?"

ஓடிவிட்டது!