விழுங்கிய கேள்வி

கட்டுரை அச்சாகிற வரைக்கும் லோகப்பிரியாவுக்குப் பசிக்காது. அச்சான பிறகு தூக்கம் வராது. சரவணம்பட்டியில் பார்த்த கம்ப்யூட்டர் வேலையை உதறிவிட்டு, கோவை நாளிதழ் ஒன்றில் அறிவியல் செய்தி எழுத வந்த நாளிலிருந்து இதே பாடுதான். எழுதியதில் ஏதாவது தப்பாகிப் போயிருக்குமோ என்று கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடப்பாள். வீட்டில் எல்லோருக்கும் பழகிப்போன கூத்து.

இந்த முறை பயப்படக் காரணம் இருந்தது. நிலத்தடி நீர் எங்கே இருக்கிறது என்று காட்ட சபரீஷ் என்பவன் ஒரு கருவி செய்திருந்தான். அது எத்தனை இடத்தில் பொய்த்தது என்று கேட்கத்தான் போனாள். பேச்சுவாக்கில் இருவருக்கும் குலதெய்வம் ஒன்று என்று தெரிந்துவிட்டது.

"அப்ப நம்ம பங்காளிங்க. தங்கச்சி சாப்பிடாமப் போகக் கூடாது" என்று இலை போட்டுவிட்டான்.

கை நனைத்த வீட்டில் எப்படிக் குடைவது? நாக்கு நுனிவரை வந்த கேள்வியை ரசத்தோடு சேர்த்து விழுங்கிவிட்டாள், மகா கெட்டிக்காரி.

கருவி பொய்த்த கதை இல்லாமலே கட்டுரை வந்தது. அந்த வாரமே அதைப் படித்துவிட்டு அந்தியூர் விவசாயி கருப்புசாமி கூப்பிட்டார். கருவியை வரவழைத்து இடம் பார்த்தாயிற்றாம், மறுநாள் போர் போடுகிறாராம். உடனே சபரீஷிடம் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"பத்துல ஆறு பொய்ச்சுதுங்க. நீங்க கேக்கவே இல்லீங்களே தங்கச்சி."

போரை நிறுத்தச் சொல்ல எத்தனை முறை கூப்பிட்டும் கருப்புசாமி போனை எடுக்கவே இல்லை. மறுநாள் சாயங்காலம் அவரே கூப்பிட்டார்.

"தண்ணி பீச்சியடிக்குதுங்க அம்மணி. உங்க புண்ணியம். எங்கூர்ல நாலு பேரு அதே மிசினை வரச் சொல்லிப்போட்டாங்க."

அவருக்காக மனசு குளிர்ந்தது. அந்த நாலு பேரை நினைத்ததும் உட்கார முடியவில்லை. பத்தில் ஆறு இடத்தில் கருவி பொய்த்தது என்று அன்றைக்கே திருத்தம் எழுதி எடிட்டர் வரலட்சுமியிடம் நீட்டினாள்.

"தண்ணிதான் வந்துருச்சே, இது எதுக்கு?"

"அவருக்கு வந்ததுங்க. மத்தவங்களுக்கு நான் என்ன சொல்றது?"

திருத்தம் அவள் பெயரோடு வந்தது. விடிந்ததும் கருப்புசாமி கூப்பிட்டார். குரலில் பழைய துள்ளல் இல்லை.

"ஏனுங்க அம்மணி, என்ற தோட்டத்துத் தண்ணி பொய்யிங்களா? ஊர்ல சிரிக்கறாங்க."

போனில் சொல்லிப் புரியவைக்கிற விஷயமில்லை.

"நேர்ல வாரேனுங்க. அந்த நாலு பேரையும் இருக்கச் சொல்லுங்க" என்று ஸ்கூட்டரை எடுத்தாள்.