யன்னலைத் திறந்து வைத்த இறுதிப் போட்டி

இந்தியாவும் இலங்கையும் மோதும் நாட்களில் எங்கள் வீட்டு யன்னல்கள் பூட்டப்படும். அப்பா வைத்த சட்டம் அது. மத்தியான வெயில் கொளுத்தினாலும் ஒழுங்கைப் பக்கத்து யன்னல்கள் எல்லாவற்றையும் சாத்திவிட்டு, டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, மின்விசிறிக்குக் கீழே வியர்த்துக்கொண்டு பார்ப்போம். இலங்கையின் விக்கெட் விழுந்தால் அப்பா இரண்டு விரல்களால் உள்ளங்கையில் தட்டுவார். அவருடைய ஆரவாரம் அவ்வளவுதான். போட்டி முடிந்த பிறகு, யார் வென்றாலும், ஒரு மணித்தியாலத்துக்குக் காலி வீதிப் பக்கம் போகக் கூடாது. இரவுச் சாப்பாட்டுக்குப் பாண் வேண்டுமென்றால் காலையிலேயே வாங்கி வைத்துவிட வேண்டும். வெள்ளவத்தையில் எங்களுக்குத் தெரிந்த வீடுகள் எல்லாவற்றிலும் அநேகமாக இதுதான் நடைமுறை. யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே அந்தச் சட்டத்தைப் பிடிக்காது. ஒளித்திருந்து சந்தோஷப்படுவதில் என்ன சந்தோஷம்? அதோடு நான் அப்பாவின் பக்கமும் இல்லை. நான் இலங்கை. காரணம் கேட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை. கொட்டாஞ்சேனையில் பிறந்தேன், வெள்ளவத்தையில் வளர்ந்தேன், இங்கே உள்ள ஒழுங்கைகளில்தான் ரப்பர் பந்தில் விளையாடி அயல் வீட்டுக் கண்ணாடிகளை உடைத்தேன். இந்தியாவுக்கு ஒரு முறை கோயில் பார்க்கப் போனதோடு சரி. இலங்கை வீரன் ஒருவன் பூச்சியத்தில் ஆட்டமிழந்து தலையைக் குனிந்துகொண்டு திரும்பி நடந்தால் எனக்கு மனம் தாங்காது. சொந்தக்காரர்கள் சிலர் இதற்காகவே என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. இவ்வளவு பட்ட பிறகும் அந்தக் கொடிக்கு எப்படிக் கை தட்டுகிறாய் என்று கேட்பார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த போட்டிக்கும் கை தட்டத்தான் செய்வேன்.

இப்போது நாங்கள் இருப்பது ஐந்து மாடி ஃபிளாட் ஒன்றின் நாலாம் மாடியில். கீழ் வீட்டில் ஓய்வு பெற்ற வங்கி முகாமையாளர் ஒருவர் குடும்பத்தோடு இருக்கிறார். சிங்களவர். அவர் என்னை மல்லி என்பார், நான் அவரை அய்யே என்பேன். தம்பி, அண்ணன் என்று அர்த்தம். பெரிய போட்டி வந்தால் அய்யே தன் வீட்டு டிவியைக் கார் பார்க்குக்குக் கொண்டுவந்து வைப்பார். பிளாஸ்டிக் கதிரைகள் வரும், பிளேன் டீ வரும், அக்கம்பக்கத்து இளைஞர்களும் வந்து சேர்வார்கள். எங்கள் ஃபிளாட்டில் இருக்கும் தமிழர்களில் அங்கே இறங்கிப் போகிறவன் நான் ஒருவன்தான். பதினொரு வருடமாகப் போய்க்கொண்டிருந்தேன். நீல ஜெர்சி போட்டு, தொண்டை கட்டும் வரை கத்தி, ஒரு அரையிறுதியில் கடைசிப் பந்தில் தோற்றபோது அய்யேயின் தோளில் சாய்ந்து அழுதும் இருக்கிறேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கார் பார்க்கில் இருந்தவர்கள் என்னையும் தங்களில் ஒருவனாக நினைக்க வேண்டும். வென்றாலும் தோற்றாலும், யோசிக்காமல், கேள்வி கேட்காமல் நினைக்க வேண்டும்.

அப்படியிருக்கும்போதுதான் அந்த இறுதிப் போட்டி வந்தது. இலங்கையும் இந்தியாவும். அதுவும் எங்கள் ஊரிலேயே.

அரையிறுதியில் நாங்கள் வென்றது மயிரிழையில். ஆனால் அதை யார் நினைத்துப் பார்த்தார்கள்? ஊரே தலைகால் தெரியாமல் ஆடியது. முச்சக்கர வண்டிகளில் கொடி, பாண் விற்கிற வண்டியில் கொடி. நான் வேலை செய்யும் புதுக்கடை அலுவலகத்தில் சட்டத்தரணி ஒருவர் வழக்குக் கட்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, எத்தனை ஓவரில் இந்தியா சுருளும் என்று பந்தயம் பிடித்துக்கொண்டிருந்தார். இவர்களையெல்லாம் குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை. கேக் யோசனை என்னுடையது. “வென்ற பிறகு வாங்குவோம் மல்லி” என்று அய்யேயின் மனைவி சொல்லத்தான் செய்தார். வென்ற பிறகு போனால் கடையில் கேக் மிஞ்சாது என்று அடித்துச் சொல்லி, ‘சாம்பியன்ஸ்’ என்று ஐஸிங்கில் எழுதுவித்து, நானே போய்த் தூக்கிக்கொண்டு வந்தேன். அவரும் என் பேச்சைக் கேட்டுக் காலையிலேயே வெற்றிக்கென்று பாற்சோறு சமைத்து, தட்டில் பரப்பி, வாழை இலையால் மூடி வைத்தார்.

அந்தக் கிழமை என் மனைவியின் தம்பி ஏதோ விசா அலுவலாக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு நின்றான். அவன் இந்தியா. சும்மா இந்தியா இல்லை, நித்திரையிலும் இந்தியா.

“அத்தான், உங்கட ஆக்கள் இருபது ஓவர் தாண்டுவினமோ?” என்று காலைத் தேநீரோடு தொடங்கினான்.

“இண்டைக்கு உன்ர ஆக்களைப் பார்சல் கட்டி அனுப்புவம். இருந்து பார்” என்றேன்.

போட்டி தொடங்குகிற நேரம் என் மனைவி பழக்கத்தில் யன்னல்களைப் பூட்டத் தொடங்கினாள். எனக்குக் கோபம் வந்தது. அப்பா செத்து இத்தனை வருடமாகியும் இந்த வீட்டில் இன்னும் அதே பயம்.

“ஒண்டையும் பூட்டாதையும். எல்லாத்தையும் திறந்து விடும். எங்கட வீட்டுச் சத்தமும் வெளியால கேக்கட்டும்.”

“தம்பி நிக்கிறான் எண்டு தெரியும்தானே உங்களுக்கு?”

“அவன் கத்துறதுக்கு இண்டைக்கு என்ன கிடைக்கப் போகுது?”

சொல்லிவிட்டு நானே வரவேற்பறையின் இரண்டு யன்னல்களையும் விரியத் திறந்து கொளுக்கி போட்டேன். அவை சரியாகக் கார் பார்க்கைப் பார்த்தபடி இருப்பவை. பிறகு ஜெர்சியைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன்.

நாணயச் சுழற்சியில் வென்று நாங்கள் துடுப்பெடுத்தாடினோம். கார் பார்க்கில் பப்பரே மேளம் கூட வந்திருந்தது. முதல் ஓவரில் ஒரு விக்கெட். பரவாயில்லை என்றோம். அடுத்து இன்னொன்று. மேளம் நின்றது. அதற்குப் பிறகு ஒரே ஓவரில் அடுத்தடுத்து ஆட்கள் வந்தார்கள், போனார்கள். ஒருவன் கையுறையைச் சரியாக மாட்டி முடிப்பதற்குள் திரும்பி நடந்தான். இந்தியப் பந்துவீச்சாளன் வீசியது உண்மையிலேயே அற்புதமான பந்துகள். எங்களில் ஒருவர் கூட அதைச் சொல்லவில்லை. நானும்தான். போட்டியை விற்றுவிட்டான்கள் என்று ஒருவன் சொன்னான். தெரிவுக் குழுவைத் தூக்கிக் கடலில் போட வேண்டும் என்றான் இன்னொருவன். நேற்று வரை கடவுளாக இருந்த அணித் தலைவரின் தாயை இழுத்து ஒருவன் திட்டினான். அதற்கும் சிலர் சிரித்தார்கள்.

அப்போதுதான் மேலேயிருந்து அந்தச் சத்தம் வந்தது.

“ஐயோ, எடுத்தான்டா! எடுத்தான்!” என்று ஒரு கத்தல். அதற்குப் பின்னால் விசில், மேசையில் ஓங்கி ஓங்கி அடிக்கிற சத்தம். நாலாம் மாடி. என் வீடு. நான் விரியத் திறந்து கொளுக்கி போட்ட யன்னல்கள்.

கார் பார்க்கில் இருந்த அத்தனை தலைகளும் மேலே நிமிர்ந்தன. பிறகு எல்லாம் என் பக்கம் திரும்பின. எனக்குக் காது சுட்டது. மனைவிக்குத் தொலைபேசி எடுத்தேன், அவள் தூக்கவில்லை. எழுந்து மேலே ஓடினால் அதுவே ஒரு வாக்குமூலம் போல இருக்கும் என்று கதிரையிலேயே இருந்தேன். மச்சான் அடுத்த விக்கெட்டுக்கும் கத்தினான். அதற்கடுத்ததற்கும். ஒவ்வொரு முறையும் எனக்குப் பக்கத்துக் கதிரைக்காரர் கொஞ்சம் கொஞ்சமாகக் காலை இழுத்துக்கொண்டார், அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

அந்தச் சொற்ப ஓட்டங்களை அடித்து முடிக்க இந்தியாவுக்கு ஒரு பிளேன் டீ ஆறுகிற நேரம்தான் பிடித்தது. வெற்றி அடிக்கு எங்கள் வீட்டிலிருந்து சாப்பாட்டுத் தட்டில் தாளம் கேட்டது. ஒரு இளைஞன் தன் ஜெர்சியைக் கழற்றி நிலத்தில் எறிந்தான். கதிரையை உதைத்தான். பிறகு எங்கள் யன்னலைப் பார்த்து, இந்தியாவுக்கே போய்த் தொலையுங்கள் என்று சிங்களத்தில் கத்தினான்.

“வாயை மூடு!” என்று அய்யே எழுந்தார். அவர் அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. “தோற்கத் தெரியாதவன் விளையாட்டுப் பார்க்க வரக் கூடாது. எப்படி நடக்க வேண்டும் என்று பார்த்துப் படி.”

சொல்லிவிட்டு நேராக என்னிடம் வந்தார். கையை நீட்டினார்.

“வாழ்த்துகள் மல்லி. உங்கள் அணி மிக நன்றாக விளையாடியது.”

பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். “என்ன அய்யே, நான்...” என்று தொடங்கினேன். அவர் என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

“இல்லை மல்லி, எங்களுக்கு விளங்கும். இவ்வளவு காலமும் எங்களுக்காக இங்கே வந்து இருந்து எங்கள் அணிக்குக் கத்தினீர்கள். அது உங்கள் நல்ல குணம். இன்றைக்காவது ஒளிக்காமல் சந்தோஷப்படுங்கள். இங்கே யாரும் உங்களைப் பிழையாக நினைக்க மாட்டார்கள்.”

அவர் கண்களில் நடிப்பு இருக்கவில்லை. இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும். அந்த மனிதர் உண்மையிலேயே பெருந்தன்மையோடு நின்றார். பதினொரு வருடமாக நான் கத்தியதை எல்லாம் அவர் மரியாதை என்று எடுத்திருக்கிறார். அயல் வீட்டுக்காரன் காட்டுகிற பண்பு. ஒருவேளை பயம். அவருடைய தோளில் நான் அழுத அழுகையையும் அதே கணக்கில்தான் வைத்திருந்தாரா என்று கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்கவில்லை.

எல்லோரும் கை தட்டினார்கள். கத்திய இளைஞன் சட்டையில்லாமல் வந்து “சொறி அங்கிள்” என்று கை கொடுத்தான். யாரோ அய்யேயையும் என்னையும் சேர்த்து நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். அய்யேயின் மனைவி கேக்கை வெட்டி, முதல் துண்டை என்னிடம் நீட்டினார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். நானும் தோற்றவன்தான் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என் வீட்டுக்காகச் சற்று முன்தான் சண்டை பிடித்த மனிதரை எல்லோர் முன்னாலும் எப்படி முட்டாளாக்குவது? சொன்னாலும், பாவம், பயத்தில் சொல்கிறான் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஓம் என்றாலும் இல்லை என்றாலும் அவர்களுக்கு ஒன்றுதான்.

“இஸ்தூதி அய்யே” என்றேன். நன்றி என்று சொல்லி, கேக்கையும் வாங்கினேன்.

மேலே போனபோது மனைவி யன்னல்களைப் பூட்டிக்கொண்டிருந்தாள். மச்சான் அசடு வழிய எழுந்து நின்றான்.

“சொறி அத்தான். வாய் நிக்கேல்லை.”

வாயில் வந்தபடியெல்லாம் ஏசினேன். “நீ நாளைக்கு பஸ் ஏறிப் போயிடுவாய். நான்தான் இவையளின்ர முகத்தில முழிக்க வேணும். பதினொரு வருசத்தை ஒரு மத்தியானத்தில நாசமாக்கிப் போட்டாய்” என்றேன். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றான். முடிந்த பிறகு மெல்லச் சொன்னான்.

“அத்தான், நான் கத்தாட்டியும் அவையள் அப்பிடித்தான் நினைச்சுக் கொண்டிருந்திருப்பினம். இண்டைக்குத்தான் சொல்லியிருக்கினம்.”

அவனை அடிக்கலாம் போல இருந்தது. அவன் சொன்னது உண்மை என்பதால்தான் அந்த ஆத்திரம். மனைவி அவனை உள்ளே போகச் சொல்லிவிட்டு, கேக் துண்டை மூடி ஃபிரிட்ஜில் வைத்தாள். அன்றைக்கு வீட்டில் யாரும் அதைத் தொடவில்லை.

அடுத்த நாள் காலை புதுக்கடைக்குப் போகப் பஸ் ஏறி உட்கார்ந்ததும் ஃபிளாட்டின் வட்ஸ்அப் குழுவில் அந்தப் படம் வந்தது. அய்யேதான் போட்டிருந்தார். ‘நேற்று நாங்கள் தோற்றோம். ஆனாலும் எங்கள் இந்திய ரசிகரோடு சேர்ந்து கேக் வெட்டினோம். விளையாட்டு என்றால் இதுதான்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். படத்தில் நான் பல் தெரியச் சிரிக்கிறேன். நெஞ்சில் இலங்கை அணியின் சிங்கம் பளிச்சென்று தெரிகிறது. அதற்குக் கீழே இதயங்கள், கை தட்டல்கள். எங்கள் மாடித் தமிழர்களும் போட்டிருந்தார்கள். சிங்கத்தைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

நான் இலங்கை ரசிகன் என்று ஆங்கிலத்தில் தட்டினேன். அழித்தேன். சிங்களத்தில் தட்டினேன், எழுத்துப் பிழை வந்தது, திருத்திவிட்டு அழித்தேன். பகிடி போலச் சொன்னால் என்ன என்று பம்பலப்பிட்டி தாண்டும்போது ஒன்று தட்டினேன். அது மன்னிப்புக் கேட்பது போல இருந்தது. கொள்ளுப்பிட்டியில் பஸ் நெடுநேரம் நின்றது. இதயங்கள் கூடிக்கொண்டே போயின. அய்யே பெயர் குறிப்பிட்டு என்னிடம் கேட்டார், ‘மல்லி, படம் பார்த்தீர்களா?’

இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் நன்றிக்குக் கூப்பிய கைகள் இரண்டை அனுப்பினேன். அவர் உடனே இதயம் போட்டார். கார் பார்க்கில் நன்றி சொன்னபோது யோசிக்க நேரம் இருக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம். இந்த முறை எனக்கு முழுதாக ஒரு மணித்தியாலம் இருந்தது.