நாலாவது மாடிக் காவல் பெட்டி

வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டும் தொழிலில் முதலில் தேய்வது செருப்பு, அடுத்தது மரியாதை. விற்பனைக்கோ, கணக்கெடுப்புக்கோ, கட்சிக்கோ போய் முகத்துக்கு நேரே கதவு சாத்தப்பட்டவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. முப்பது வருடம் கட்சித் துண்டறிக்கையோடு தட்டியவன் நான். எனக்குப் படிப்புச் சொல்லிக் கொடுத்ததும் அந்தத் துண்டறிக்கைகள்தான். இப்போது ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்குத் தமிழ் வீடுகளின் தொடர்பாளர். பகலில் தனியாக இருக்கும் வயதானவர்களின் வீட்டுச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டுகிறோம். அதன் கறுப்புக் கண் ஆள் நடமாட்டத்தைப் பார்க்கும். பகலில் இரண்டு மணி நேரம் அசைவே இல்லையென்றால் பிள்ளைகளின் கைப்பேசிக்கும் என் கைப்பேசிக்கும் எச்சரிக்கை வரும்.

ஆறு கையெழுத்து

சிங்கப்பூர் எல்லையோரம் கெலாங் பாத்தாவில் ஓர் அடுக்குமாடி, நாலாவது மாடி. கோவிந்தராஜு அண்ணன் சாஆ ஊர்ப் பக்கத்துச் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். வாதம் வந்து இடது கால் விழுந்துவிட்டது. வாக்கரைப் பிடித்துத்தான் நடக்கிறார். மனைவி இல்லை. மகள் சாந்தி விடியும் முன் பஸ் ஏறி சிங்கப்பூர் தொழிற்சாலைக்குப் போனால் இருட்டித்தான் வருவாள். குளாய் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் அவருக்கு இடம் பார்த்து வைத்திருந்தாள். பெட்டி ஒழுங்காக வேலை செய்தால் அப்பா வீட்டில், இல்லாவிட்டால் இல்லத்தில். இதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியும்விட்டாள்.

அவரிடம் ஒப்புதல் படிவத்தை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிவத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்ன காலத்தில் அவர்கள் தோட்டத்தில் நான் பேசிய பேச்சு அவருக்கு மறக்கவில்லை. பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டே சொன்னார்: "தோட்டத்து ஆபீஸ் கிராணி காகிதம் நீட்டுனா எதுலயும் கையெழுத்து போடாதீங்கன்னு தொண்டை கிழிய கத்துனது நீதானே தலைவரே. இன்னைக்கு நீயே ஆறு எடத்துல போடச் சொல்றே."

வெளியே பொத்தான்

வீட்டை விட்டு இறங்கினால் பெட்டியின் பக்கத்தில் உள்ள 'வெளியே' பொத்தானை அமுக்க வேண்டும். இரண்டாவது வாரமே மனிதர் அமுக்காமல் லிஃப்டில் இறங்கி, கீழே தாம் பலகையில் காய் நகர்த்தி ஆட உட்கார்ந்துவிட்டார். எச்சரிக்கை வந்தது. நான் லிஃப்டுக்குக் காத்திருக்காமல் நாலு மாடி ஏறி, பூட்டிய கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி இறங்கி வந்துதான் அவரைக் கண்டேன். சாந்தி வேலை செய்யும் இடத்தில் கைப்பேசியை எடுத்துப் பேசக் கூடாது. மேற்பார்வையாளரிடம் கெஞ்சி அனுமதி வாங்கி வெளியே வந்து என்னைக் கூப்பிட்டபோது, நான் அவள் அப்பாவின் ஆட்டத்துக்குப் பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இன்னொரு தடவ பொய்யா அடிச்சா அப்பாவ குளாய்ல விட்டுருவேன் அங்கிள். எனக்கு வேலையும் வேணும், அப்பாவும் உயிரோட வேணும்."

ஓய்வு நாள்

அந்த இன்னொரு தடவை ஒரு புதன்கிழமை காலை பத்தரைக்கு வந்தது. அவர் கைப்பேசிக்கு அடித்தேன், அணைத்துக் கிடந்தது. கீழே தாம் ஆடும் இடத்தில் அவர் இல்லை. மேலே ஓடிக் கதவைத் தட்டினேன், பதில் இல்லை. உள்ளே தொலைக்காட்சிச் சத்தம்கூட இல்லை. பக்கத்து வீட்டில் ஏர்கோன் குளிர்சாதனம் பழுதுபார்க்கும் சீனர் இருந்தார். இரும்பு வெட்டியோடு ஓடி வந்தார். கிரில் பூட்டு விழுவதற்குள் என் சட்டை நனைந்துவிட்டது. அழுதிருந்தாலும் வெட்கப்படமாட்டேன்.

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குளித்து, விபூதி பூசி, வெள்ளை வேட்டி. எதிரே சாமி படத்தின் கீழே வாக்கர், மேசைக் காற்றாடி, சோற்றுப் பானை, கைப்பேசி எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு வரிசையில் இருந்தன. பெட்டியின் கறுப்புக் கண்ணில் விரல் கனத்துக்குச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். அன்று ஆயுத பூஜை. ஓய்வுக்கு வைத்த பொருளை மாலை வரை தொடக் கூடாதாம். வாக்கருக்கும் ஓய்வு என்பதால் அவர் எழுந்து வரவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாராம், நான் தட்டிய தட்டலிலும் எங்கள் இரும்புச் சத்தத்திலும் கேட்கவில்லை. நான் பூஜை புனஸ்காரங்களைத் துண்டறிக்கையில் கிழித்துப் போட்டவன். அன்று என்ன நாள் என்பதே எனக்குத் தெரியாது. நான் கோபத்தில் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்: "சோறு போட்ட டிராக்டருக்கு வருஷா வருஷம் பொட்டு வச்சேன். என்னைக் காவல் காக்குற இதுக்கு வைக்கலன்னா நான் மனுஷனா?"

பயனர் பிழை

சாந்தி வேலையைப் பாதியில் விட்டு, சிங்கப்பூர் எல்லையின் இரண்டாம் பாலத்து நெரிசலில் சிக்கி, மதியம் வந்து சேர்ந்தாள். வெட்டுப்பட்ட பூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். திங்கட்கிழமை குளாய் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய் அப்பாவின் சட்டைகளை மடிக்க ஆரம்பித்தாள். அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் பல்கலைக்கழகத்தில் கூட்டம். ஓர் இளம் பொறியாளர் அந்த வீட்டைப் 'பயனர் பிழை' என்று எழுதி, பெட்டியைக் கழற்றிவிடலாம் என்றார். நான் எழுந்தேன். தோட்டத்து மக்களைக் கேள்வி கேட்காமலே முடிவு எடுப்பது துரைமார் காலத்துப் பழக்கம் என்றேன். இத்தனை பக்கக் கேள்வித்தாளில், வீட்டுச் சாமானை வருடத்துக்கு ஒரு நாள் என்ன செய்வீர்கள் என்று ஒரு கேள்வி உண்டா என்றேன். நல்ல பேச்சு. மேடையாக இருந்தால் கைதட்டியிருப்பார்கள். ஆய்வுத் தலைவி மலாய்க்காரப் பெண்மணி, என் வயதில் பாதி. முழுவதையும் கேட்டுவிட்டு, என்னை மரியாதையாக 'என்சிக்' என்றே விளித்து மலாயில் அமைதியாகச் சொன்னார்: "நீங்களும் கேட்கவில்லையே, என்சிக். அதற்காகத்தானே உங்களை வைத்திருக்கிறோம்?"

ஒரு வட்டம்

ஞாயிற்றுக்கிழமை தலைவியே அண்ணன் வீட்டுக்கு வந்தார். கட்டிவைத்த துணிப்பெட்டி, பைகள் கதவோரம் இருந்தன. சாந்தி தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. தலைவி அண்ணன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சுவரில் இருந்த காவல் பெட்டிக்கு எங்கே பொட்டு வைத்தால் பாக்சிக்குக்கு, அதாவது பெரியவருக்கு, திருப்தி என்று மலாயில் கேட்டார். நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். அண்ணன் என்னைக் கையமர்த்திவிட்டு மலாயிலேயே பேசினார். கண்ணில்தான் வைக்க வேண்டும் என்பதில்லை, டிராக்டருக்கு விளக்கிலா வைத்தோம், எஞ்சின் மூடியில்தானே என்றார். தலைவி மேல்மூடியில் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். அண்ணன் அதற்குள் சந்தனம் வைத்துவிட்டு வாக்கரைப் பிடித்துக் கூடத்தில் நடந்தார். தலைவியின் கைப்பேசியில் ஒவ்வொரு அடியும் பதிவானது. நாங்கள் மூவரும் சாந்தியின் முகத்தைப் பார்த்தோம். அவள் கதவோரம் போனாள். பிறகு ஒரு பையைத் திறந்து, அப்பாவின் கைலியை எடுத்துக் கொடியில் போட்டாள். "ஒரு மாசம் பாக்குறேன். திரும்பவும் பொய்யா அடிச்சா என்கிட்ட யாரும் வந்து பேசக் கூடாது, முக்கியமா நீங்க, அங்கிள்."

முப்பது வருடம் தொண்டை கிழியப் பேசியவன் அந்த வீட்டில் செய்த ஒரே உருப்படியான காரியம், வட்டம் போடும்போது பெட்டியை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்ததுதான்.