லாரி இன்ஜினைப் பிரித்த நாள்

எங்கள் லாரியில் ஓடிய தூரம் காட்டும் மீட்டர் எப்போதோ நின்றுவிட்டது. என் வீட்டுக்காரர் அதில்தான் மலைமேல் இருக்கும் கரியாலூரிலிருந்து ஜவ்வரிசி மில்லுக்கு மரவள்ளிக் கிழங்கு ஏற்றுவார். அந்த வருஷம் வண்டி மேட்டில் இழுக்கவில்லை. தினமும் ஆயில் குடித்தது. ஆயில் ஊற்றுவது என் வேலை என்பதால் எனக்குத்தான் மனசு அடித்துக்கொண்டது.

"இன்ஜினப் பிரிச்சிப் பாத்துடலாங்க."

"சீசன் முடியட்டும்" என்பார். பிரித்தால் என்ன தெரியுமோ என்ற பயம்.

ஒரு திங்கட்கிழமை லோடோடு இறங்கிய வண்டியில் நானும் மகளும் வந்தோம். அடிவாரத்தில் நிறுத்தியபோது ஆயில் பிரஷர் முள் அடியோடு சரிந்தது. ரேஸ் கொடுத்தால்தான் எழுந்தது. மறுநாள் காலை கள்ளக்குறிச்சி பட்டறைக்கு நானும் கூடப் போனேன்.

மெக்கானிக் இன்ஜினை ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தார். புகை குப்குப்பென்று அடித்தது.

"பிஸ்டன் ரிங்கு தேஞ்சிருக்குது. கேஸ் கீழ எறங்குது" என்றார்.

ஆயிலை வடித்து உள்ளங்கையில் ஏந்தி வெயிலில் சாய்த்தார். உலோகத் துகள் பொடிப்பொடியாக மின்னியது. என் வீட்டுக்காரர் டீக்கடைக்குப் போனார். டீ வருவதற்குள் திரும்பி வந்தார். மறுபடி போனார். என்னாலும் உட்கார முடியவில்லை.

மெக்கானிக் மேலே ஹெட்டைக் கழற்றினார். பிஸ்டன் ஓடும் லைனரின் விளிம்பில் நகம் தடுக்கி நின்றது. அதற்குக் கீழே அவ்வளவு தேய்மானம். அடியில் ஆயில் தொட்டியை இறக்கி, இன்ஜினின் கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங்குகளை எடுத்தார். மேல்பூச்சு போய்ச் செம்பு தெரிந்தது. பிறகு கிராங்க்கைத் துடைத்துவிட்டு மெதுவாக நகத்தால் வருடினார்.

"கீறல் இல்லண்ணே. கிராங்க் தப்பிச்சிக்கிச்சி. மத்ததெல்லாம் மாத்தணும்."

வீட்டுக்காரர் வேறொன்று கேட்டார். "நேத்து மலையில எறங்கிக்கினு இருக்கும்போது இன்ஜின் புடிச்சி நின்னுருந்தா?"

"வளைவுல புடிச்சிருந்தா இன்னா ஆவும்னு உங்களுக்கே தெரியும்ணே."

அவர் வெளியே போய் ரோட்டைப் பார்த்தபடி நின்றார். நான் பக்கத்தில் போனேன்.

"கொழந்த உன் மடியில தூங்கிக்கினு இருந்துச்சி" என்றார்.

பாதி சீசன் போயிற்று. வண்டி தயாராகி வந்தபோது புகை இல்லை, முள்ளும் நிமிர்ந்தது. இப்போதும் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனாலும் அவர் மலைக்குப் போன நாட்களில் எனக்கு வேலை ஓடுவதில்லை. "வடக்கனந்தல் தாண்டிட்டேன்" என்று மலையிறங்கி அவர் போன் செய்த பிறகுதான் உலை வைக்கிறேன். போன் வரத் தாமதமானால் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன்.