ஊர் கேட்ட வீட்டுக்காரி

எண்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து கைக்குழந்தையோடு ஆவடிக்கு வந்தேன். பருத்திப்பட்டில் வாடகைக்கு வீடு கேட்டபோது அந்த வீட்டுக்காரி, “இன்னாம்மா, எந்த ஊரு நீ?” என்றாள். சொன்னேன். படாரென்று கதவைச் சாத்தினாள்.

எதிர் வீட்டு அம்மா என்னைக் கூப்பிட்டார். கொச்சியிலிருந்து வந்த யூதப் பெண்மணி. அன்று அவருக்குப் பஸ்கா பண்டிகை. பசித்தவர் யாரானாலும் வரட்டும் என்று வாசல் கதவைத் திறந்தே வைத்திருந்தார். புளிக்காத மாவில் சுட்ட ரொட்டி தந்தார். எகிப்தில் அடிமைகளாக இருந்து தப்பி ஓடிய அவருடைய முன்னோருக்கு மாவு புளிக்கும்வரை காத்திருக்க நேரமில்லையாம். நானும் அடுப்பில் கொதித்த உலையை அப்படியே விட்டு ஓடி வந்தவள்தான். அவர் என் ஊரைக் கேட்கவே இல்லை. மாடி அறையையும் எனக்கே விட்டார். ஆனாலும் கதவைச் சாத்திய அந்த வீட்டுக்காரி நாசமாய்ப் போக வேண்டும் என்று சபித்துக்கொண்டேதான் அந்த ரொட்டியைத் தின்றேன்.

சில வருடம் கழித்து ஒரு மழையில் ஏரித் தண்ணீர் தெருவுக்குள் புகுந்தது. ஈரப் புடவையோடு அந்த வீட்டுக்காரி எங்கள் மாடிப்படி ஏறி வந்தாள். அந்த அம்மாவைப் போலவே நானும் கதவை அகலத் திறந்தேன். உட்காரவைத்துச் சுடச்சுடச் சோறு போட்டேன். முதல் கவளத்தை வாயருகே கொண்டுபோகும்வரை பொறுத்திருந்தேன்.

“இன்னாம்மா, எந்த ஊரு நீ?” என்றேன்.