சென்னைக்கு வழி கேட்ட சித்தி

சைக்கிளிலேயே சென்னைக்குப் போகலாம் என்று சித்தி சொன்னபோது நான் மூன்றாம் வகுப்பு முடித்திருந்தேன். ஆகவே நம்பினேன். மரக்காணத்துப் பக்கிங்காம் கால்வாய் சென்னையையும் தாண்டிப் போகிறது, ஒரு காலத்தில் எங்கள் ஊர் உப்பெல்லாம் அதில்தான் படகேறிப் போனது என்று டீச்சரும் சொல்லியிருந்தார். "கரையைப் பிடிச்சிக்கினே போனா நேரா சென்னை. ஒருத்தர்கிட்டயும் வழி கேக்க வேணாம்," என்றாள் சித்தி. மெரினாவில் சுண்டல் தின்றுவிட்டுச் சாயங்காலம் திரும்பிவிடுவதாக நான் தெருவெல்லாம் சொல்லி வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தியைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் கால்வாயோரம் வடக்கே உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர்கள். அம்மாவின் போனுக்கு ஒரு போட்டோ வந்திருந்தது. அதில் மாப்பிள்ளை கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு, ஒரு பெரிய பைக்கின் மேல் சாய்ந்து நின்றார். "இதுல மூஞ்சி எங்க இருக்குது?" என்று சித்தி கேட்டாள். "ஞாயித்துக்கிழமை நேர்லயே பாத்துக்கோ," என்றார் தாத்தா. ஞாயிற்றுக்கிழமை அவள் பார்க்கப்போவது கையிலிருக்கும் தட்டை மட்டும்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். வந்தவர்கள் பஜ்ஜி தின்று கை கழுவிய பிறகு வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எங்கள் வீட்டில் எந்தப் பெண்ணுக்கும் வந்ததில்லை. அம்மாவுக்கே அப்படித்தான் கல்யாணம் ஆயிற்று.

இதற்கும் சென்னைப் பயணத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று நான் நினைக்கவேயில்லை.

சனிக்கிழமை காலை, டைலர் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். சித்திக்குப் பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்த சைக்கிள். சித்தி தீபாவளிச் சுடிதாரைப் போட்டு, மல்லிகைப்பூவும் வைத்திருந்தாள். கேரியரில் நான், என் மடியில் பிஸ்கட் பாக்கெட். ஒரு பக்கம் கால்வாய், மறுபக்கம் கண் கூசும் வெள்ளையாக உப்பளங்கள். தென்காற்று பின்னாலிருந்து தள்ளியதால் சித்தி பாதி நேரம் பெடலை மிதிக்கவேயில்லை. கழுத்தளவு தண்ணீரில் இறால் தடவிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் நான், "சென்னைக்குப் போறோம்!" என்று கத்திக் கைகாட்டினேன். கரை உடைந்திருந்த இடங்களில் இறங்கிச் சைக்கிளைத் தூக்கினோம். வேலிக்காத்தான் முள் சித்தியின் துப்பட்டாவைக் கிழித்தது. அவள் அதற்கும் சிரித்தாள். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்குப் பிறகு எந்த வண்டியிலும் அனுபவித்ததில்லை.

வெயில் ஏறிய நேரத்தில் ஓர் உப்பளத்தின் அருகே சித்தி பிரேக் பிடித்தாள். நாலு பேர் பலகையால் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏங்க, சென்னைக்கு எப்படிங்க போகணும்?" என்று குரல் கொடுத்தாள்.

எனக்கு மானம் போயிற்று. கால்வாய் கண்ணெதிரே கிடக்கும்போது யாராவது வழி கேட்பார்களா? மூன்று பேர் சிரித்தார்கள். சிரிக்காத நாலாவது ஆள், முழங்கால்வரை உப்பு பூத்த கால்களோடு கரையேறி வந்து சைக்கிளைப் பார்த்தார், பூவைப் பார்த்தார்.

"இப்படியே நேரா போங்க. நடுவுல பாலாறு வரும். நீச்சல் தெரியுமாங்க?"

"கத்துக்கலாம்," என்றாள் சித்தி.

அத்தோடு கிளம்ப வேண்டியதுதானே? மழைக்காலத்தில் என்ன வேலை, என்ன படித்திருக்கிறார், சாயங்காலம் நண்பர்களோடு எங்கே போவார் என்று வழிக்குத் தேவையில்லாத கேள்விகளாகக் கேட்டாள். கடைசியில், "இந்த வெயிலுக்குக் கூலிங் கிளாஸ் போட மாட்டீங்களா?" என்றாள்.

அவர் தலையைச் சொறிந்தார். "அது என்னுது இல்லீங்க. அந்த பைக்கும் என்னுது இல்ல."

சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறதென்று எனக்கு விளங்கவில்லை.

அவர் குவியலிலிருந்து ஒரு பிடி புது உப்பை அள்ளி என் கையில் வைத்தார். சித்தியும் கையை நீட்டினாள். அவளுக்குக் கொடுக்காமல், துண்டைக் கரையில் விரித்து, அதில் உப்பைக் கொட்டி முடிந்து, தரையிலேயே வைத்துவிட்டு இரண்டடி விலகி நின்றார். "எடுத்துக்கங்க," என்றார். பெரிய மனுஷியாக மதித்து எனக்கு மட்டும் கையில் கொடுத்தார் என்று எனக்கு ஒரே பெருமை. சித்தி அந்த முடிச்சையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு முடிச்சை எடுத்துக்கொண்டு, சைக்கிளைத் தெற்கே திருப்பினாள்.

"சித்தி, சென்னை!"

"சென்னை எங்கயும் ஓடிப்போவாதுடீ."

நான் வழியெல்லாம் அழுதேன். எதிர்க்காற்றில் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டே சித்தி பாடினாள்.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். நடுவில் இருந்தவரைப் பார்த்ததும் என் துக்கம் பொங்கிவிட்டது. "இவர்கிட்டதான் சித்தி சென்னைக்கு வழி கேட்டுச்சு! அப்புறம் போவாமயே சைக்கிளைத் திருப்பிடுச்சு!" என்று கத்தினேன்.

வாய்க்குப் போன பஜ்ஜி தாத்தாவின் கையிலேயே நின்றது. மாப்பிள்ளையின் அம்மா மகனைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார். சம்பந்தம் முறிந்தது என்றே என் அம்மா கண்ணை மூடிக்கொண்டாளாம்.

"அதான பாத்தேன், நேத்துலேர்ந்து இவன் தானா சிரிச்சிக்கினு இருக்கானேன்னு!" என்றார் அந்த அம்மா. "பொண்ணு பாக்க நாங்க வந்தா, பொண்ணு முந்திக்கிச்சா?" பிளாஸ்டிக் நாற்காலி குலுங்க அவர் சிரிக்க, வேறு வழியில்லாமல் தாத்தாவும் சிரித்தார்.

உப்பைக் கைக்குக் கை கொடுத்தால் இரண்டு பேருக்கும் சண்டை வரும் என்பார்கள். சித்தப்பாவும் நானும் இன்றுவரை எலியும் பூனையும்தான். சென்னைக்குக் கூட்டிப் போகாததை நான் இழுப்பேன், ஊரைக் கூட்டிக் காட்டிக்கொடுத்ததை அவர் இழுப்பார். சித்தியோடு அவர் சண்டையே போட்டதில்லை என்று சொன்னால் சித்தியே ஒப்புக்கொள்ள மாட்டாள். ஆனால் அந்தச் சனிக்கிழமை, நாளெல்லாம் உப்பிலேயே கிடக்கிற மனிதர் அவள் கையில் மட்டும் அதை வைக்கப் பயந்தார். அதைப் பார்த்துத்தான் சித்தி சைக்கிளைத் திருப்பினாள் என்பது, கை நிறைய உப்போடு கேரியரில் அழுதுகொண்டிருந்த எனக்கு அன்று தெரியவில்லை.