நூற்றுப் பன்னிரண்டு வீட்டுத் தோல்

சின்னவள் ஜெயித்தவை இவை. மூன்று வயதில் விஷக்காய்ச்சல் வந்து, போய்விடுவாள் என்று எல்லாரும் கைவிட்ட பிறகும் பிழைத்தாள். புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் போனபின் யார் வீட்டுப் படியும் ஏறாமல் ஒற்றை அறையில் தனியாக நின்றாள். பெண்பிள்ளையால் இழுக்க முடியாது என்று சொன்ன மூன்று சக்கரக் குப்பை வண்டியை மேட்டுத் தெருவில் ஏற்றினாள். அந்தத் தெருவின் நூற்றுப் பன்னிரண்டு வீட்டையும் சமையல் கழிவைத் தனி வாளியில் போட வைத்தாள். இந்தக் கடைசிக் காரியத்துக்கு மட்டும் பதினான்கு மாதம் பிடித்தது.

காலை ஆறேகாலுக்கு மணியடிப்பாள். வாசலுக்கு வரும் வாளியைத் திறந்து, பிளாஸ்டிக் கிடந்தால் பொறுக்கிவிட்டு, மீதியை வண்டித் தொட்டியில் கவிழ்ப்பாள். வாளியை வைத்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். அவள் முகம் அவர்களுக்குத் தெரியாது. அவளுக்கோ எல்லா வீடும் தெரியும். மூலை வீட்டுக் குழந்தை சோறு தின்னத் தொடங்கிவிட்டது. மாடி வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை, சமைத்தது சமைத்தபடி வருகிறது.

அறைக்குத் திரும்பினால் அவளுடைய வாளியில் ஒரு வாழைப்பழத் தோலும் கொஞ்சம் தேயிலைச் சக்கையும் இருக்கும். ஒற்றை ஆளின் கழிவு வாளியின் அடியைக்கூட மறைக்காது. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போனில் சாப்பிட்டாயா என்று கேட்பார். அந்த வாரத்தில் அவளைப் பற்றி ஒருவர் கேட்ட கேள்வி அது ஒன்றுதான்.

தெருக் கழிவைக் கொண்டுபோய்க் கொட்டும் உரக்கிடங்கில் ஒரு வழக்கம் இருந்தது. சுமை சுத்தமாக வந்தது என்று தினமும் தாளில் ஒப்பம் வேண்டும். கைநாட்டு வைப்பவர்களுக்கு மதியத்துக்குள் விரல் ஊறி எண்ணெய்ப் பிசுக்கு ஏறிவிடும், ரேகை விழாது. ஆகவே திங்கட்கிழமை காலையிலேயே, கை காய்ந்திருக்கும்போது, ஆறு நாள் கட்டத்திலும் ரேகை வாங்கிவிடுவார்கள். அவளும் நாலு வருஷமாக வைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஒரு வியாழக்கிழமை, அவள் பேரில் எழுதிய குவியலில் உடைந்த கண்ணாடி அகப்பட்டது. மேற்பார்வையாளர் தாளைக் காட்டி, இது உன் ரேகைதானே, நாளையிலிருந்து தெரு உனக்கில்லை, கிடங்கில் சலிக்கப் போ என்றார். உலகத்தில் அவளுக்குத் தெரிந்தவர்கள் என்று இருந்ததே அந்த நூற்றுப் பன்னிரண்டு வீடுதான்.

குவியலருகே குந்தி, கையால் கிளறினாள். பிழிந்த எலுமிச்சை மூடிகளை எடுத்து வரிசையாக வைத்தாள். அறுபது தாண்டியது.

"என் தெருவுல ஒரு வீட்டுக்கு ரெண்டு மூடி வந்தா அதிகம் சார். இது ஜூஸ் கடைச் சரக்கு. உடைஞ்சதும் ஜூஸ் கிளாஸ்தான், பாருங்க. கடைவீதி வண்டிய என் கணக்குல எழுதியிருக்கீங்க."

சுமையை எடை போட்டு எழுதும் எடைக்காரர் தாளைப் புரட்டிவிட்டுத் தலையைச் சொறிந்தார். இரண்டு வண்டியும் ஒரே நேரத்தில் வந்ததாம், வரி மாறிவிட்டதாம்.

"சரி போம்மா, உன் தெரு உனக்குத்தான்" என்றார் மேற்பார்வையாளர்.

"இனிமே முன்கூட்டி ரேகை வைக்க மாட்டேன் சார். எடை போட்ட பிறகுதான்."

"ஊறின விரல்ல ரேகை எங்க விழும்? அப்போ கையெழுத்துப் போடு, கலெக்டரம்மா."

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை கையை நீட்டவுமில்லை. தினமும் சுமையை இறக்கியபின் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் காயும்வரை தனியாக உட்கார்ந்திருந்து, எல்லாரும் போனபின் ரேகை வைத்தாள். காத்திருந்த நேரத்தில், சலித்துப் பரப்பிய உரத்தில், கழுத்து அட்டையில் இருந்த தன் பெயரைக் குச்சியால் பார்த்துப் பார்த்து வரைந்தாள். சொல்லிக்கொடுக்க ஆளில்லை. சரியா என்று கேட்கவும் ஆளில்லை. மூன்று வாரம் ஆயிற்று.

பிறகு ஒருநாள், எடை எழுதிய மை காய்வதற்குள், பேனாவைக் கேட்டு வாங்கிக் கட்டத்துக்குள் அடங்கும்படி தன் பெயரை எழுதினாள். எடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்த வண்டியைக் கூப்பிட்டார். அன்று 2015 மார்ச் 12, வியாழக்கிழமை.